தேவ் விழுந்தால் சிரிப்பு, தேவி விழுந்தால் பஞ்சாயத்து

போன வருடம் எங்கள் ஊர் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா. ஊர் என்றால் இங்கே டெக்சாஸில், டாலஸ் பக்கம். ஒரு பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுத்து வழக்கம்போல நடந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து, மாறுவேடப் போட்டியில் நாலு பாரதியார், மூன்று பரதநாட்டியம், ஏழெட்டு சினிமா டான்ஸ், நடுநடுவே மைக் கீச்சிடும் சத்தம். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் என் அக்கா மகள் மேடை ஏறினாள். 16 வயது. ஆறு நிமிட ஸ்டாண்ட்-அப் காமெடி. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் வீடுதான். ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் டப்பா இருக்கும், ஆசையாகத் திறந்தால் உள்ளே இட்லி மாவு இருக்கும் என்று ஆரம்பித்தாள். அம்மா ஊருக்கு போன் பேசும்போது மட்டும் குரல் எப்படி மூன்று மடங்கு ஏறும் என்று நடித்துக் காட்டினாள். கடைசியில், கணக்கு வகுப்பில் தனக்கு ஒரு பையனைப் பிடிக்கும் என்றாள். "மூணு வருஷமா அவனைத் தெரியும். மூணு வருஷமா அவன் என்னை ப்ரியான்னுதான் கூப்பிடறான். ப்ரியா பக்கத்து சீட்டு."

பின்வரிசைப் பிள்ளைகள் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முன்வரிசையில் பட்டுப்புடவைகளும் வேட்டிகளும் அப்படியே உட்கார்ந்திருந்தன.

சாப்பாட்டு வரிசையில் ஒருவர் அக்காவிடம் வந்து, "பொண்ணு ரொம்ப தைரியமா பேசறா" என்றார். தைரியம் என்ற சொல்லுக்கு நம்மிடம் எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்தது. "குழந்தைகள் நிகழ்ச்சியில் இதெல்லாம் தேவையா?" என்று ஒருவர். "வீட்டு விஷயத்தை மேடைக்குக் கொண்டு வரலாமா?" என்று இன்னொருவர். "எல்லாம் வளர்ப்பு" என்று மூன்றாமவர், கீழே கைகூப்பும் பொம்மை.

இதில் எனக்கு உறுத்தியது ஒன்றே ஒன்று. அதற்கு முந்தைய வருடம் அதே மேடையில், அதே வயதுப் பையன் ஒருவன் காமெடி செய்தான். அவன் அப்பா பேரலல் பார்க்கிங் செய்யும் அழகை நடித்துக் காட்டினான். பள்ளி டான்ஸுக்குக் கூப்பிட்டு மூன்று பெண்கள் தன்னை 'ரிஜெக்ட்' செய்த கதையைச் சொன்னான். அன்றைக்குக் குழுவில் "அடுத்த சந்தானம் ரெடி!" என்று போட்ட அண்ணன்தான், இந்த வருடம் 'வளர்ப்பு' என்று போட்டவரும். பையனுக்கு ஷீல்டு கொடுத்தார்கள். அக்கா மகளுக்கும் கொடுத்தார்கள், அது பங்கேற்றவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது.

நான் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். சாப்ட்வேர் ஆளின் புத்தி, எடிட் பண்ணிப் பண்ணிக் கடைசியில் ரிலீஸே பண்ணவில்லை. அக்கா அதற்குப் பிறகு இரண்டு மாதம் சங்கத்துப் பக்கம் போகவில்லை.

அக்கா மகளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நெவர் ஹாவ் ஐ எவர்'. மிண்டி கேலிங்கும் லாங் ஃபிஷரும் உருவாக்கிய தொடர். 2020 ஏப்ரலில், எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில் வந்தது. 2023 ஜூன் வரை நான்கு சீசன், மொத்தம் 40 எபிசோட். கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண் தேவி விஸ்வகுமார் அதன் நாயகி. தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவின் மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண். பொது அழைப்பு கொடுத்து, வந்த சுமார் 15,000 பேரில் இருந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு 17 வயது. டொராண்டோ பக்கம் இருக்கிற என் நண்பர்கள் வீட்டிலெல்லாம் அப்போது 'நம்ம பொண்ணு' என்ற பேச்சுதான்.

அந்தப் பெருமை தொடர் ஓட ஆரம்பித்ததும் இறங்கியது. தேவி நல்ல பெண் கிடையாது. கோபக்காரி, பொய் சொல்லுவாள், தோழிகளைக் கைவிடுவாள், ஒரே நேரத்தில் இரண்டு பையன்களோடு பழகி மாட்டிக்கொள்வாள். முதல் எபிசோடிலேயே பூஜை மேடை முன் உட்கார்ந்து, பார்ட்டிக்கு அழைப்பு வேண்டும், கையில் முடி குறைய வேண்டும், ஒரு பாய்ஃபிரெண்ட் வேண்டும் என்று சாமியிடம் பட்டியல் கொடுப்பாள். அப்பா பள்ளிக் கச்சேரி நடக்கும்போது கண்ணெதிரே இறந்துபோனதைத் தாங்க முடியாமல் தவிக்கும் பெண் அவள், அந்தத் தவிப்பிலிருந்துதான் இத்தனை கூத்தும் வருகிறது. தொடர் அதை ஒளிக்கவே இல்லை. ஆனாலும் நான் கேட்டதெல்லாம், "தமிழ்ப் பொண்ணு இப்படியா இருப்பா?" என்ற ஒரே கேள்வி. அடுத்தது, "வெள்ளைக்காரப் பையன் பின்னாடி அலையறா." அவள் பின்னால் அலைந்த பாக்ஸ்டன் பாதி ஜப்பானியன், அவன் பேரே பாக்ஸ்டன் ஹால்-யோஷிதா. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்!

இப்போது இன்னொரு தொடரைப் பாருங்கள். 'மாஸ்டர் ஆஃப் நன்', 2015, அதே நெட்ஃபிளிக்ஸ். அஸீஸ் அன்சாரி நடித்தது. அவருடைய பெற்றோரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், அவர்களே தொடரில் அப்பா அம்மாவாக நடித்தார்கள். நாயகன் பெயர் தேவ். ஆமாம், அங்கே தேவ், இங்கே தேவி. தேவ் முதல் எபிசோடில் அறிமுகமே சரியாக இல்லாத ஒரு பெண்ணோடு இருந்துவிட்டு, ஆணுறை கிழிந்துபோய், நடுராத்திரி மாத்திரை வாங்க ஊபரில் போவான். இரண்டாவது சீசனில், வேறொருவனுக்கு நிச்சயமான இத்தாலியப் பெண்ணை விரும்புவான். அந்தத் தொடரில் அப்பா அம்மாவைப் பற்றிய எபிசோடுக்காக அஸீஸ் அன்சாரியும் ஆலன் யாங்கும் 2016-இல் எம்மி விருது வாங்கினார்கள். அருமையான எபிசோட், சந்தேகமே இல்லை. நம் குழுக்களில் அந்த ஒரு எபிசோடைப் பகிர்ந்து கண் கலங்கினோம். மீதியைப் பார்த்துச் சிரித்தோம். 'தமிழ்ப் பையன் இப்படியா இருப்பான்?' என்று ஒருவர் கேட்டு நான் பார்க்கவில்லை.

தேவ் 30 வயதைத் தாண்டியவன், தேவி பள்ளிக்கூடப் பெண், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் யோசித்தால் அது நம் பக்கத்துக்கு உதவாது. தெரிந்து செய்கிற பெரியவனை மன்னித்துவிட்டு, தெரியாமல் தடுமாறும் 15 வயதுப் பிள்ளையை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறோம் என்றுதானே ஆகிறது?

தமிழ் சினிமாவில் வேலைவெட்டி இல்லாமல் ஒரு பெண்ணின் பின்னால் சுற்றுவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கும் நாயகர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம். 'ஒரு கல் ஒரு கண்ணாடி'யை நான் தியேட்டரில் இரண்டு தடவை பார்த்தேன். அந்தப் பையனின் வளர்ப்பு பற்றி அன்றைக்கு எனக்கு ஒரு கவலையும் வரவில்லை.

காமெடி என்பதே குறை உள்ளவனைப் பற்றியது. அவசரக்காரன், பயந்தாங்கொள்ளி, பொய்யன், தற்பெருமைக்காரன் இவர்கள்தான் சிரிக்க வைப்பார்கள். கவுண்டமணியும் செந்திலும் வடிவேலுவும் ஒழுக்கசீலர்களாக நடித்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? குறையே இல்லாத பெண்தான் வேண்டும் என்று சொன்னால், பெண் காமெடியே வேண்டாம் என்று சொல்வதுதான் அது. 'பெண்களுக்கு ஹியூமர் வராது' என்று அப்புறம் நாமே சொல்லிக்கொள்வோம். கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் மாதிரி ஒரு பெரிய எழுத்தாளரே 2007-இல் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகையில் பெண்கள் ஏன் சிரிக்க வைப்பதில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆணுக்குப் பெண்ணைக் கவர நகைச்சுவை தேவைப்படுகிறது, பெண்ணுக்கு அந்தத் தேவை இல்லை என்பது அவர் வாதம். மனோரமாவையும் கோவை சரளாவையும் அவருக்கு யாரும் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள். 'சதி லீலாவதி'யில் கமலுக்கு மனைவியாக வந்து, கோவைத் தமிழில் கமலையே ஓரங்கட்டிய சரளாவைப் பார்த்த பிறகு யாராவது அப்படி எழுத முடியுமா?

ஆனால் சரளாவுக்கும் அப்படிப்பட்ட படம் எத்தனை கிடைத்தது என்பது வேறு விஷயம்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மேலே மற்றவர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

2022 ஆகஸ்டில் டிஸ்னி ப்ளஸ்ஸில் 'ஷீ-ஹல்க்' வந்தது. மார்வெல் உலகத்தில் ஒரு சட்ட அலுவலகக் காமெடி. எழுதி உருவாக்கியவர் ஜெசிகா காவ், நடித்தவர் டாட்டியானா மஸ்லானி. ஹல்க்கின் உறவுக்காரப் பெண், ஒரு வக்கீல், தவறுதலாக அவளும் பச்சை நிறத்துக்கு மாறிவிடுகிறாள். ஹல்க் பல வருடம் போராடிக் கற்ற கோபக் கட்டுப்பாடு அவளுக்கு உடனே வந்துவிடுகிறது. எப்படி என்றால், ரோட்டில் போகிறவன் கமென்ட் அடித்தாலும், தன் தொழிலைத் தனக்கே ஒருவன் பாடம் எடுத்தாலும், தினம் தினம் கோபத்தை விழுங்கித்தான் வாழ்கிறேன் என்று அவள் சொல்கிறாள்.

ஆபீஸ் நண்பன் ஒருவன் அந்த ஒரு காட்சியை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பினான். "மச்சி, நம்ம ஹல்க்கை என்ன பண்ணி வெச்சிருக்காங்க பாரு." பார்த்தேன். கோபம் வந்தது. ஐஎம்டிபியில் போய் 10-க்கு 1 போட்டேன். தொடரில் ஒரு எபிசோடைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை, இரண்டு நிமிடத் துண்டு மட்டும்தான்.

அந்தத் தொடரை நான் முழுசாகப் பார்த்தது ஒரு வருடம் கழித்து, அக்கா மகளின் வற்புறுத்தலால். மூன்றாவது எபிசோடில் ஷீ-ஹல்க்கைத் திட்டி இணையத்தில் ஆண்கள் போடும் கமென்ட்டுகள் வரிசையாக வரும். கடைசியில் பார்த்தால் கதையின் வில்லனே அவளை வெறுக்கும் ஆண்கள் கூடிப் பேசும் ஒரு இணையதளத்தை நடத்துகிறவன். வெளியே நாங்கள் போட்ட கமென்ட்டும் உள்ளே அவர்கள் எழுதிய கமென்ட்டும் அச்சு அசல் ஒன்று. நான் அதைப் போட்டது தொடர் வெளியான பிறகு, அவர்கள் எழுதிப் படம் பிடித்தது அதற்கும் முன்னால். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்ததுதான் ஒரே ஆறுதல். அவளிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. இந்தக் கட்டுரையைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

அந்தத் தொடரில் குறை இல்லாமல் இல்லை. பச்சை உருவத்தின் கிராபிக்ஸ் பல இடங்களில் பல்லிளிக்கும். சில வழக்குகள் பாதியிலேயே தொலைந்து போகும். 6 அல்லது 7 போடலாம். ஆனால் நான் போட்டது 1. அந்த 1 தொடருக்குப் போட்ட மார்க்கே கிடையாது.

இங்கே கொஞ்சம் என் தொழில் பேச்சு. நான் டேட்டாவோடு வேலை செய்கிறவன், சராசரி எப்படி ஏமாற்றும் என்று தெரிந்தவன். நூறு பேர் ஒரு தொடருக்கு மார்க் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்த்த 70 பேர் ஆளுக்கு 8 கொடுக்கிறார்கள். பார்க்காத 30 பேர் ஆளுக்கு 1 கொடுக்கிறார்கள். சராசரி 5.9. வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன பார்க்கலாம் என்று தேடுகிற உங்களுக்கு 5.9 என்றால் என்ன தோன்றும்? சுமார், விடு, அடுத்தது. 70 பேருக்குப் பிடித்த தொடர் இப்படித்தான் 'சுமார்' ஆகிறது. இன்னொரு கணக்கு: 8-இல் நிற்கும் ஒரு தொடருக்கு ஒருவர் 1 போட்டால், அதைச் சரிக்கட்ட மூன்றரை பேர் 10 போட வேண்டும். வெறுப்பவனின் ஓட்டுக்கு விரும்புகிறவனின் ஓட்டைவிட எடை அதிகம். ஐஎம்டிபி நேரடிச் சராசரி எடுப்பதில்லை, சந்தேகத்துக்குரிய ஓட்டுகளின் எடையைக் குறைக்கிறது. ஆனால் அதன் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2016 மே மாதம் 'ஃபைவ் தர்ட்டி எயிட்' தளத்தில் வால்ட் ஹிக்கி ஐஎம்டிபி ஓட்டுகளை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தார். 'செக்ஸ் அண்ட் தி சிட்டி'க்குப் பெண்கள் கொடுத்தது சராசரியாக 8-க்கு மேல், ஆண்கள் கொடுத்தது 6-க்கும் கீழே. பிடிக்கவில்லை என்றால் போகட்டும், ரசனை. ஆனால் அவர் கண்டுபிடித்த முக்கியமான விஷயம் வேறு. பெண்கள் அதிகம் பார்க்கும் தொடர்களுக்கு ஆண்கள் வேலை மெனக்கெட்டுப் போய்க் குறைவாகப் போடுகிறார்கள். ஆண்கள் அதிகம் பார்க்கும் தொடர்களுக்குப் பெண்கள் அந்த அளவுக்கு அப்படிச் செய்வதில்லை. பிடிக்கவில்லையா, அவர்கள் பாட்டுக்கு வேறு வேலையைப் பார்க்கிறார்கள்.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டை எடுத்துவிட்டு கட்டைவிரல் மேலே, கீழே என்று மாற்றியது. அடுத்த வருடம் பார்வையாளர் விமர்சனம் எழுதும் வசதியையே தூக்கியது. 2019-இல் 'கேப்டன் மார்வெல்' படம் வெளிவரும் முன்பே அதைத் திட்டிக் குவிந்த கமென்ட்டுகளைப் பார்த்து, 'ராட்டன் டொமேட்டோஸ்' தளம் ரிலீஸுக்கு முன் கமென்ட் போடுவதை நிறுத்தியது. 'ஷீ-ஹல்க்'குக்கு அதே தளத்தில் விமர்சகர்களில் முக்கால்வாசிக்கும் மேல் ஆதரவு, பார்வையாளர் பக்கம் அதில் பாதிகூட இல்லை. அடுத்த சீசன் எடுக்கலாமா என்று பேசும் கூட்டத்தில் இந்த எண்களையும் யாராவது திரையில் போட்டுக் காட்டுவார்கள், காட்டாமல் இருப்பார்களா? என் ஆபீஸில் எண் இல்லாமல் ஒரு கூட்டமும் நடந்ததில்லை.

இணையம் வந்ததால் வந்த வியாதி என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க டிவி காமெடியே ஒரு பெண்ணின் தலையில்தான் எழும்பியது. 'ஐ லவ் லூசி', 1951. லூசில் பால் நிஜத்தில் கர்ப்பமானபோது கதையிலும் அதைக் கொண்டு வந்தார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற இங்கிலீஷ் சொல்லை டிவியில் சொல்ல சிபிஎஸ் சேனல் விடவில்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத ரப்பி மூவரும் ஸ்கிரிப்டைப் படித்துச் சம்மதம் சொன்ன பிறகே படம் பிடித்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று லூசிக்குக் குழந்தை பிறந்த எபிசோடை சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

அடுத்தது இன்னும் வேடிக்கை. 'மர்ஃபி பிரவுன்' என்ற காமெடித் தொடரில் கேண்டிஸ் பெர்கன் ஒரு டிவி செய்தியாளராக நடித்தார். 1992-இல் கதைப்படி அவள் கல்யாணம் செய்யாமல் குழந்தை பெற்றுக்கொள்கிறாள். மே 19 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பேசிய அமெரிக்கத் துணை ஜனாதிபதி டேன் குவேல், குடும்ப ஒழுக்கம் கெடுவதற்கு உதாரணமாக அவளைச் சொன்னார். இல்லாத பெண், இல்லாத குழந்தை, நாட்டின் துணை ஜனாதிபதி கண்டனம்! தொடர்காரர்கள் சும்மா விடவில்லை. அடுத்த சீசனின் முதல் எபிசோடில் மர்ஃபி குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை டிவியில் பார்ப்பதாகக் காட்டி, பதிலும் சொன்னார்கள். எங்கள் சங்கத்து அண்ணன் தனி ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அவருக்கு முன்னால் பெரிய இடத்துப் பரம்பரையே இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பெண் நடித்த காமெடியைக் குறை சொன்னாலே அது ஆணாதிக்கம் என்று ஆகிவிடாது. 'நெவர் ஹாவ் ஐ எவர்' முதல் சீசனில், முஸ்லிமைக் கல்யாணம் செய்துகொண்டதால் சமூகம் ஒதுக்கிய பெண் ஒருவர் வரும் இடம் பலரைப் புண்படுத்தியது. தேவி ஒரு யூதப் பையனைப் பற்றி நாஜிகளை வைத்து அடிக்கும் ஜோக்குக்கும் கண்டனம் வந்தது. தமிழ்க் குடும்பம் என்கிறார்கள், வீட்டில் தமிழ் எங்கே என்ற கேள்வி எனக்கே உண்டு, 'கண்ணா'வைத் தவிர. இதெல்லாம் தொடரைப் பார்த்தவர்கள், தொடரைப் பற்றிச் சொன்னது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது எழுதியவர்களின் கடமை.

2023-இல் 'வெல்மா' என்ற அனிமேஷன் தொடர் வந்தது. 'ஸ்கூபி டூ'வில் வரும் கண்ணாடி போட்ட வெல்மாவை இந்திய வம்சாவளிப் பெண்ணாக மாற்றினார்கள். குரல் மிண்டி கேலிங். ஐஎம்டிபியில் 2-க்கும் கீழே விழுந்தது. நானும் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. சிரிப்பு வரும் முன்பே 'பார், நான் ஜோக் அடித்தேன்' என்று தோளைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அதை உருவாக்கி முன்நின்று நடத்தியவர் சார்லி கிராண்டி என்ற ஆண். மிண்டி தயாரிப்பாளர்களில் ஒருவர், குரல் கொடுத்தவர். யூடியூபில் நான் பார்த்த அத்தனை திட்டும் மிண்டிக்கு, அவருடைய நிறத்துக்கு, அவர் பெண்களை எழுதும் விதத்துக்கு, அவர் யாரைக் காதலிப்பார் என்பதற்கு. கிராண்டியின் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. தோற்ற ஒரு தொடருக்குத் திட்டு வாங்குவதில்கூட அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை, பாவம்.

சங்கத்துக் குழுவுக்குத் திரும்புகிறேன். அன்றைக்கு என் அக்கா மகளைப் பற்றிக் கருத்து எழுதியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆண்கள்தான் காரணம் என்று எழுதிவிட்டுப் போக முடியாத இடம் இது. அதில் ஒருவர் அக்காவுக்கு நெருங்கிய தோழி. பிறகு ஒருநாள் அவரே எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: "எனக்கு அவ பேசினது பிடிச்சுதான் இருந்துச்சு. எனக்கும் பொண்ணு இருக்கா இல்லையா? நாளைக்கு அவளும் மேடை ஏறுவேன்னு நிப்பா. அப்ப எல்லாரும் என்னைத்தான் பேசுவாங்க."

பையன் மேடையில் சொதப்பினால் அவன் சொதப்பினான் என்பதோடு முடிந்துவிடுகிறது. பெண் சொதப்பினால் அம்மாவின் மார்க் குறைகிறது. 'நெவர் ஹாவ் ஐ எவர்' மூன்றாவது சீசனில் இதே கதைதான். தேவிக்கு ஒரு நல்ல இந்தியப் பையன் கிடைப்பான். தேவியின் அம்மாவுக்குத் தோழியான அவனுடைய அம்மா, இந்தப் பெண் சரியில்லை என்று மகனிடம் சொல்லிப் பிரித்துவிடுவார். தேவி மட்டும் அழுதால் போதாது, நளினியும் அந்தத் தோழி எதிரில் நிற்க வேண்டியிருக்கும். அந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது அக்கா, "இது என்ன சினிமாத்தனமா இருக்கு" என்றாள். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் தனியாக உட்கார்ந்து அதே எபிசோடைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் ரிமோட்டை எடுத்துச் செய்தி சேனலுக்கு மாற்றிவிட்டாள்.

இந்த வருடப் பொங்கலுக்கு இப்போது பெயர் கேட்டு ஃபார்ம் வந்திருக்கிறது. புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'நகைச்சுவை நிகழ்ச்சி செய்வோர் வசனத்தை முன்கூட்டியே குழுவுக்கு அனுப்பவும்.' லூசியைப் போல எங்களுக்கும் மூன்று பேர் கொண்ட கமிட்டி. போன தடவை ஷீல்டு வாங்கிய பையனின் அப்பாவிடம் கேட்டேன், அனுப்பினீர்களா என்று. "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, பையனிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தத் தடவை நான் குழுவில் எழுதினேன். இரண்டே வரி. எல்லோரும் அனுப்ப வேண்டும், அல்லது யாரும் அனுப்ப வேண்டாம் என்று. நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள். அதில் ஒருவர் அக்காவின் அந்தத் தோழி. அண்ணன் இன்னும் ஒன்றும் போடவில்லை, படித்துவிட்டார் என்பதற்கு நீல டிக் மட்டும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, கேளுங்க" என்று வாசித்தாள். அம்மாவைப் பற்றித்தான், மறுபடியும். ஏர்போர்ட்டில் பெட்டி 50 பவுண்டைத் தாண்டியதும் அக்கா கவுண்டர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து, இட்லிப் பொடியை எடுத்து அத்தானின் கோட்டுப் பாக்கெட்டில் போட்ட கதை.

அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் கொஞ்சம் பயந்துதான் போனேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"இட்லிப் பொடி இல்லடி, கருவாடு" என்றாள். "அதை எழுது."